வலி போனால் போதுமா?

ஓடுகிறவர்களின் முன்பாதக் காயம் பற்றிச் சில செய்திகள்

செருப்புக்குள் கல் புகுந்தால் உதறிவிட்டு நடக்கிறோம். சென்ற நவம்பர் மாதம் ஒரு விடியற்காலையில் நானும் அப்படித்தான் செய்தேன். டில்லி வடக்கு வளாகத்தை ஒட்டிய ரிட்ஜ் காட்டுச் சாலையில் ஓடிக்கொண்டிருந்தேன். ஃபிளாக்ஸ்டாஃப் கோபுரத்தை நோக்கி மேடேறும்போது, வலக்காலின் இரண்டாம் விரலுக்கு அடியில் ஒரு சிறு கூழாங்கல் உறுத்துவது போலிருந்தது. ஓரமாக உட்கார்ந்து காலணியைக் கழற்றி உதறினேன். கல் விழவில்லை. காலுறையையும் உதறிப் பார்த்தேன். அதிலும் ஒன்றும் இல்லை. மறுபடி அணிந்துகொண்டு ஓடினேன். கல்லும் என்னுடனேயே ஓடி வந்தது.

அந்த இல்லாத கல்லுக்கு நான் கொடுத்த விலை ஏறத்தாழ நான்கு மாதங்கள். குறுக்கோட்டப் போட்டி ஒன்று போயிற்று. அதற்காக ஆறு மாதம் எழுந்த விடியற்காலைகள் எல்லாம் அதோடு போயின. இந்தச் சொந்தக் கதையை எழுதி நம் சங்க மலரின் பக்கங்களை வீணாக்க வேண்டும் என்று எனக்கு ஆசையில்லை. ஆனால் சென்ற வாரம் விடுதிப் படிக்கட்டில் முதலாண்டுத் தம்பி ஒருவன், ஒரு காலைப் பக்கவாட்டில் சாய்த்துச் சாய்த்து இறங்கி வந்தான். "என்னப்பா கால்?" என்றேன். "சின்னச் சுளுக்கு அண்ணா. ரெண்டு நாளாக வலியே இல்லை. பதினைந்து நாளில் தேர்வு ஓட்டம் இருக்கிறது, நாளைக்கு ஓடப் போகிறேன்" என்றான். வலி எங்கே இருந்தது என்று கேட்டேன். அவன் விரல் வைத்துக் காட்டிய இடம் அதே இடம். இந்தக் கட்டுரை அவனுக்காகவும், அவனைப் போலக் காலையில் ஓடும் நம் நண்பர்களுக்காகவும் எழுதப்படுகிறது.

நான் மருத்துவ மாணவன் அல்லேன். பட்டறிவும், படித்தறிந்ததும், நம் சங்கத்தைச் சேர்ந்த மருத்துவ மாணவி ஒருவர் பொறுமையுடன் விளக்கிச் சொன்னதுமே இங்கு உள்ளவை.

பாதம் என்னும் பொறி

ஒரு பாதத்தில் 26 எலும்புகள் உள்ளன. உடலில் உள்ள 206 எலும்புகளில் இரண்டு பாதங்களுக்கு மட்டும் 52. அதாவது கால் பங்குக்கும் சற்று மேல். பாதத்தை மூன்று பகுதிகளாகக் கொள்ளலாம். பின்னால் குதிகால், இடையில் நடுப்பாதம், முன்னால் முன்பாதம். முன்பாதத்தில் ஐந்து நீண்ட எலும்புகளும், அவற்றின் முனையில் விரல்களின் 14 சிறு எலும்புகளும் இருக்கின்றன. அந்த ஐந்து நீண்ட எலும்புகளை மருத்துவர்கள் மெட்டாடார்சல் என்பர். அவற்றின் தலைகள் வரிசையாக அமைந்த மேட்டின் மேல்தான், பரணில் உள்ள பெட்டியை எட்டி எடுக்கும்போது நாம் நுனிக்காலில் நிற்கிறோம்.

இத்தனை எலும்புகளும் சிதறாமல் ஒன்றாக நிற்பது எதனால்? எலும்பை எலும்போடு பிணைக்கும் நார்களால். மருத்துவர்கள் இதை லிகமெண்ட் என்பார்கள். நம் ஊரில் 'ஜவ்வு கிழிந்துவிட்டது' என்று சொல்லும்போது குறிப்பதும் இதையே. பிணைநார் என்று இங்கே சொல்வோம். தசையை எலும்போடு சேர்ப்பது வேறு, அது தசைநாண். தசைநாண் இழுத்து அசைக்கும். பிணைநார் அளவு மீறி அசையாமல் தடுக்கும். முன்னது வண்டி மாட்டின் வேலையைச் செய்கிறது. பின்னது மூக்கணாங்கயிற்றின் வேலையைச் செய்கிறது எனலாம்.

ஒவ்வொரு விரலின் அடி மூட்டுக்கும் கீழே, உள்ளங்கால் பக்கமாக, தடித்த நார்த் தட்டு ஒன்று உண்டு. பாதி நார், பாதி குருத்தெலும்பு போன்றது. சில மில்லிமீட்டர் தடிப்பே உள்ளது. நாம் முன்பாதத்தை ஊன்றும்போது மெட்டாடார்சல் தலைக்கு மெத்தையாக இருப்பதும், விரல் அளவுக்கு மீறி மேலே வளைந்துவிடாமல் பிடித்துக்கொள்வதும் இந்தத் தட்டுதான். இதை விரலடித் தட்டு என்று அழைக்கலாம். குதிகாலிலிருந்து உள்ளங்கால் நெடுகிலும் ஓடிவரும் நார்ப்பட்டையும் இந்தத் தட்டுகளில்தான் வந்து சேர்கிறது.

இதன் வேலையை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். நாற்காலியில் அமர்ந்து பாதத்தைத் தரையில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டைவிரலைக் கையால் மேலே தூக்குங்கள். உள்ளங்கால் வளைவு தானாக உயர்வதைக் காண்பீர்கள். கிணற்று உருளையில் கயிறு சுற்றச் சுற்ற வாளி மேலே வருவது போல, விரல் மேலே வளைய வளைய நார்ப்பட்டை மெட்டாடார்சல் தலையைச் சுற்றி இழுபட்டு வளைவை உயர்த்துகிறது. பாதம் அப்போது நெகிழ்ச்சி நீங்கி, ஒரு நெம்புகோல் போல விறைப்பாகிறது. பிரிட்டனைச் சேர்ந்த ஜே. எச். ஹிக்ஸ் 1954-இல் இந்த அமைப்பை விளக்கி எழுதினார். நாம் தரையை உதைத்து முன்னேறும் ஒவ்வொரு முறையும் இந்த உருளை சுற்றுகிறது. விரலடித் தட்டு இழுபடுகிறது.

எத்தனை முறை? ஒரு சிறு கணக்குப் போடுவோம். நிதானமாக ஓடுபவர் ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 1,000 அடி வைக்கிறார் என்று கொள்வோம். ஒரு காலுக்கு 500. பத்துக் கிலோமீட்டர் ஓடினால் ஒரு காலுக்கு 5,000. ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு விசை பாதத்தின் வழியே செல்கிறது. அறுபது கிலோ எடையுள்ளவருக்கு அது 120 முதல் 180 கிலோ வரையிலான சுமைக்குச் சமம். மேட்டில் ஏறும்போதும் விரைந்து ஓடும்போதும் அதில் பெரும்பங்கு முன்பாதத்தின் மேல் விழுகிறது. நான் நாள்தோறும் மேட்டையே தேடிச் சென்று ஓடினேன் என்பதை இங்கு நினைவிற் கொள்க.

மூன்று இடங்கள்

முன்பாதத்தையும் அதன் எல்லையையும் சார்ந்த பிணைநார்க் காயங்களில், ஓடுகிறவர்கள் அறிய வேண்டியவை மூன்று.

முதலாவது, இரண்டாம் விரலின் விரலடித் தட்டு தேய்ந்து கிழிவது. பலருக்கு இரண்டாம் மெட்டாடார்சல்தான் ஐந்திலும் நீளமானது. அதன் அடிப்பகுதி பக்கத்து எலும்புகளுக்கு நடுவே இறுகப் பொருந்தியிருப்பதால், சுமை கூடும்போது மற்ற எலும்புகளைப் போல் சற்று விலகிக் கொடுக்கவும் அதனால் இயலாது. ஆகவே அடி முழுவதும் அதற்கே. இந்தக் காயம் பெரும்பாலும் ஒரே நாளில் வருவதில்லை. சிறுகச் சிறுக வருகிறது. கல் உறுத்துவது போன்ற உணர்ச்சி, காலை ஊன்றித் தள்ளும்போது வலி, விரலடியில் மெல்லிய வீக்கம் ஆகியவை தொடக்கக் குறிகள். கவனியாமல் விட்டால் விரல் மெல்ல மேலெழும். கட்டைவிரல் பக்கமாகச் சாயும். இரண்டாம் விரலுக்கும் மூன்றாம் விரலுக்கும் இடையே முன்பில்லாத இடைவெளி தோன்றும்.

இரண்டாவது, கட்டைவிரலின் அடி மூட்டில் வரும் காயம். குதிகால் மேலே இருக்க, விரல் தரையில் அழுந்திய நிலையில், கால் மேலும் முன்னே தள்ளப்பட்டால் கட்டைவிரல் அளவுக்கு மீறி மடங்கி அடித்தட்டு கிழிகிறது. அமெரிக்காவில் செயற்கைப் புல்தரையில் கால்பந்து ஆடியவர்களிடம் இது மிகுதியாகக் காணப்பட்டது. மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பவர்ஸ், மார்ட்டின் என்னும் இருவர் 1976-இல் இதை விவரித்து, 'டர்ஃப் டோ' என்று பெயரிட்டனர். புல்தரை விரல் என்று பொருள். பெயர் புல்தரையுடையதானாலும், குறுந்தொலைவு ஓட்டத்தில் பாய்ந்து கிளம்புகிறவருக்கும் தாண்டுகிறவருக்கும் இது வருவதுண்டு.

மூன்றாவது அரிது, ஆனால் மூன்றிலும் கொடியது. முன்பாதமும் நடுப்பாதமும் சேரும் வரிசைக்கு லிஸ்ஃபிராங்க் மூட்டு என்று பெயர். பிரெஞ்சு அறுவை மருத்துவர் ஜாக் லிஸ்ஃபிராங்க் (1790–1847) அந்த வரிசையின் வழியே பாதத்தின் முன்பகுதியை நீக்கும் அறுவை முறையை 1815-இல் விவரித்தார். அதனால் மூட்டுக்கு அவர் பெயர். பிறகு அங்கு வரும் காயத்துக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. இந்த மூட்டின் கட்டுமானம் வியப்பானது. தச்சன் கட்டில் சட்டத்தின் கழுந்தைக் காலின் துளையில் செருகுவது போல, இரண்டாம் மெட்டாடார்சலின் அடி மூன்று ஆப்பு எலும்புகளுக்கு நடுவே செருகப்பட்டிருக்கிறது. மற்ற மெட்டாடார்சல்களின் அடிகள் ஒன்றோடொன்று நாரால் பிணைக்கப்பட்டிருக்க, முதலாவதற்கும் இரண்டாவதற்கும் இடையே மட்டும் அத்தகைய பிணைப்பு இல்லை. அதற்கு ஈடாக, உட்பக்க ஆப்பு எலும்பிலிருந்து இரண்டாம் மெட்டாடார்சலுக்குச் சாய்வாக ஓடும் ஒரே வலிய நார் அந்த இடத்தைக் காக்கிறது. குழியில் கால் சிக்கித் திருகினாலோ, படியில் நுனிக்கால் மடங்கி விழுந்தாலோ அந்த நார் அறுந்துவிடக்கூடும். பாதத்தின் மேற்புறம், நடுவில் வலி. நுனிக்காலில் நிற்க முடியாமை. இவற்றோடு உள்ளங்காலில் நீலம் பாரித்த இரத்தக்கட்டு இருந்தால், அதைச் சுளுக்கு என்று எண்ணி ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது.

நார் அல்லாத வேறு சில காயங்களும் இதே இடத்தில் வலி தரும். மெட்டாடார்சல் எலும்பில் மயிரிழை போன்ற விரிசல் விழலாம். பிரஷ்யப் படைவீரர்கள் நெடுந்தொலைவு அணிவகுத்து நடந்தபின் பாதம் வீங்கி வலித்ததை, ப்ரைட்ஹவுப்ட் என்ற படை மருத்துவர் 1855-இல் பதிவு செய்தார். ரான்ட்கன் எக்ஸ்-கதிரைக் கண்டது 1895-இல். அதன் பிறகே அந்த வீக்கத்தின் காரணம் எலும்பு விரிசல் என்பது தெரிந்தது. இந்த வலி பெரும்பாலும் பாதத்தின் மேற்புறம், எலும்பின் மேல், ஒரே புள்ளியில் இருக்கும். மூன்றாம் நான்காம் விரல்களுக்கு இடையே எரிச்சலும் மரத்துப்போதலும் இருந்தால், அங்குள்ள நரம்பு தடித்திருக்கலாம். எது எது என்று பிரித்தறிவது மருத்துவர் வேலை. பிரித்தறிய வேண்டியவை பல உண்டு என்று அறிவது நம் வேலை.

'ஒன்றுமில்லை' என்ற சொல்

என் கதைக்கு வருகிறேன். முதல் வலி வந்ததும் தைலம் தேய்த்து, மீள்துணிக் கட்டுப் போட்டு, ஒன்பது நாள் ஓய்வெடுத்தேன். வலி அடியோடு நின்றது. பத்தாம் நாள் 12 கிலோமீட்டர் ஓடினேன். மறுநாள் காலையில் குளியலறை வரை நடக்க முடியவில்லை. ஓரிடத்தில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, ஒன்றுமில்லை என்றார்கள். எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. ஒன்றுமில்லாத காலை வைத்துக்கொண்டு இன்னும் இரண்டு வாரம், வலிக்கும் நாளில் நின்றும் வலிக்காத நாளில் ஓடியும் கழித்தேன்.

சங்கத்தின் டிசம்பர்க் கூட்டத்தில் நான் நொண்டுவதைக் கண்டுதான் அந்த மருத்துவ மாணவி, நாங்கள் எல்லோரும் அக்கா என்று அழைப்பவர், என்னை உட்காரச் சொன்னார்.

"எக்ஸ்ரே எடுத்தாயா தம்பி?"

"எடுத்தேன் அக்கா. ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள்."

"ஒன்றுமில்லை என்றா சொன்னார்கள்? எலும்பு முறிவு ஒன்றுமில்லை என்று சொன்னார்களா?"

எனக்கு விடை தெரியவில்லை. அந்த ஒரு சொல்லின் வேறுபாட்டில்தான் என் நான்கு மாதமும் அடங்கியிருந்தது. எக்ஸ்ரேயில் தெரிவது எலும்பு; பிணைநார் அதில் தெரியாது. நார் அறுந்ததால் எலும்புகள் விலகியிருந்தால் அந்த விலகல் தெரியும். அதுவும் படுத்த நிலையில் எடுத்த படத்தில் மறைந்துவிடலாம்; இரண்டு கால்களையும் ஊன்றி நின்று எடுத்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டால்தான் புலப்படும். எலும்பு விரிசலுங்கூட முதல் இரண்டு மூன்று வாரங்களில் படத்தில் தெரியாமற் போவதுண்டு.

அக்கா செய்த சோதனைகள் எளியவை. என் மெட்டாடார்சலை ஒரு கையால் அசையாமல் பிடித்துக்கொண்டு, மறு கையால் விரலின் அடியை நேர்மேலாகத் தூக்கினார். இடக்கால் விரல் அசையவில்லை. வலக்கால் விரல் மேசை இழுப்பறை போல் நழுவி மேலே வந்தது, வலியும் வந்தது. பிறகு ஒரு காகிதத் துண்டை விரல் நுனிக்கு அடியில் வைத்து, "அழுத்திப் பிடி" என்று சொல்லி இழுத்தார். இடக்கால் விரல் பிடித்துக்கொண்டது. வலக்கால் விரல் காகிதத்தைத் தடையின்றி விட்டுவிட்டது. பின்னர் எடுத்த எம்.ஆர்.ஐ. படம், விரலடித் தட்டு ஒரு பகுதி கிழிந்திருப்பதை உறுதி செய்தது.

நார் எப்படி ஆறுகிறது?

இங்கேதான் நான் சொல்ல வந்த பொருள் இருக்கிறது. வலி போவதும் காயம் ஆறுவதும் ஒன்றல்ல.

பிணைநாருக்குத் தசையைப் போல் மிகுந்த இரத்த ஓட்டம் இல்லை. ஆகவே அது மெல்லத்தான் ஆறும். முதல் சில நாட்கள் வீக்கமும் வெப்பமும் வலியும் உள்ள காலம். சேதமான பகுதியை உடல் துப்புரவு செய்யும் காலம் அது. அடுத்த சில வாரங்களில் புதிய நார் இழைகள் நெய்யப்படுகின்றன. ஆனால் அவசரமாக முடைந்த ஓலைத் தடுக்கைப் போல, அவை ஒழுங்கின்றிக் குறுக்கும் நெடுக்குமாக இருக்கும். மூன்றாம் கட்டத்தில்தான் அந்த இழைகள் விசை செல்லும் திசையில் ஒழுங்குபட்டு உரம் பெறுகின்றன. இது மாதக்கணக்கில், சில வேளை ஓராண்டு வரையிலும் நடக்கும்.

வலி எப்போது நிற்கிறது? பெரும்பாலும் முதற்கட்டம் முடிந்து வீக்கம் வடியும்போதே குறைந்துவிடுகிறது. அந்த நேரத்தில் நாரின் உரமோ மிகக் குறைவு. நேற்றுப் பூசிய சுவர் தொட்டால் உலர்ந்ததாகத்தான் தோன்றும். அதில் ஆணி அடிக்கலாமா? நான் பத்தாம் நாள் ஓடியது அப்படி ஆணி அடித்த கதைதான்.

அதற்காக ஆறும்வரை காலைத் தூக்கி வைத்துக்கொண்டே இருப்பதும் தவறு. மூன்றாம் கட்டத்தில் இழைகள் ஒழுங்குபட வேண்டுமானால், அளவான சுமை அவற்றின் மேல் விழ வேண்டும். சுமையே இல்லாவிட்டால் நார் நலிவுறும், மிகுந்தால் அறும். இரண்டுக்கும் நடுவிலுள்ள வழியை நாளுக்கு நாள் தேடிச் செல்வதுதான் மீட்சி என்பது.

மீண்ட வழி

லிஸ்ஃபிராங்க் காயத்துக்கு வழி வேறு. எலும்பு விலகாமல் மூட்டு உறுதியாக இருந்தால், பல வாரம் கால் ஊன்றாமல் மாவுக்கட்டிலோ கட்டுக்காலணியிலோ வைப்பார்கள். விலகியிருந்தால் பெரும்பாலும் அறுவை மருத்துவமே. விரலடித் தட்டு முழுதும் கிழிந்து விரல் இடம் பெயர்ந்திருந்தாலும் அறுவை தேவைப்படலாம். கீழே நான் சொல்வது பகுதிக் கிழிசலுக்கு எனக்கு விதிக்கப்பட்ட முறை.

முதலில் விரலைக் கட்டினார்கள். விரலின் அடிப்பகுதிக்கு மேலாக ஒட்டுப்பட்டியைக் கொண்டுவந்து, இரு முனைகளையும் உள்ளங்காலில் குறுக்காக ஒட்டி, விரலைச் சற்றே கீழ்நோக்கிப் பிடித்து வைப்பார்கள். கிழிந்த தட்டின் விளிம்புகள் இழுபடாமல் நெருங்கியிருக்கவே இந்த ஏற்பாடு. ஆறு வாரம் இப்படி இருந்தேன். விரல் வெளுத்துக் குளிர்ந்தால் கட்டு இறுக்கம் என்று பொருள். உடனே அவிழ்க்க வேண்டும்.

இரண்டாவது, காலணி. அடி விறைப்பாகவும் முன்புறம் அகலமாகவும் இருக்க வேண்டும். நடக்கும்போது விரல் மேலே மடங்காதிருப்பதே நோக்கம். நம் விடுதி வாழ்வின் உற்ற துணையான இரப்பர் செருப்பு இதற்கு நேர் எதிரி; அது துணியைப் போல் மடங்கும், கழன்றுவிடாதிருக்க விரல்களும் ஓயாமல் அதைக் கவ்விக்கொண்டே இருக்க வேண்டும். காலணிக்குள் வைக்கும் சிறு மெத்தைத் துண்டும் உண்டு. அதை வலிக்கும் இடத்துக்கு நேர் கீழே வைப்பது இயல்பாகத் தோன்றும். நானும் அப்படி வைத்து வலியைக் கூட்டிக்கொண்டேன். அதை மெட்டாடார்சல் தலைகளுக்குச் சற்றுப் பின்னால் வைக்க வேண்டும். அப்போதுதான் சுமை தலைகளை விட்டுப் பின்னால் பரவும்.

மூன்றாவது, விரலை மேலே மடக்கும் செயல்கள் யாவற்றையும் நிறுத்துதல். தண்டால் எடுக்கும்போது விரல்கள் எவ்வளவு மடங்குகின்றன என்று நான் அதுவரை எண்ணிப் பார்த்ததே இல்லை. நுனிக்காலில் குந்தி உட்கார்ந்து துணி துவைப்பதும் அப்படியே. இவற்றுக்கு மாற்றாக நீந்தலாம். பாதத்தின் நடுப்பகுதியை மிதியில் வைத்துச் சைக்கிள் மிதிக்கலாம். மூச்சும் தசையும் தளராமல் இருக்க இவை போதும்.

நான்காவது, கெண்டைக்கால் தசை. அது இறுகியிருந்தால் குதிகால் சீக்கிரமே தரையை விட்டு எழும்பும். சுமை நேரத்துக்கு முன்பே முன்பாதத்துக்கு வந்துவிடும். டில்லிக் குளிரில் விறைத்த கெண்டைக்காலோடு மேடேறிய என் வழக்கமும் காயத்துக்கு ஒரு காரணமாக இருந்திருக்கலாம். சுவரில் கை ஊன்றிக் காலைப் பின்னே நீட்டி, குதிகாலைத் தரையில் அழுத்தி நிற்கும் பயிற்சியைக் காலையும் மாலையும் செய்தேன். பாதத்தின் சிறு தசைகளுக்கு வேறொரு பயிற்சி: விரல்களை மடக்காமல், விரலடி மேட்டைக் குதிகால் நோக்கி இழுத்து உள்ளங்கால் வளைவை உயர்த்துதல். பார்ப்பதற்கு எளிது, முதல் வாரம் எனக்கு வரவே இல்லை.

எப்போது ஓடலாம்? நாட்காட்டியைக் கேட்காமல் காலைக் கேட்க வேண்டும். எனக்குக் கொடுக்கப்பட்ட படிகள் இவை. முதலில் அரைமணி நேர விரைவு நடை, அன்றும் மறுநாள் காலையும் வலியில்லாமல். அடுத்து, ஒற்றைக் காலில் நின்று குதிகாலை உயர்த்துதல். நல்ல காலால் எத்தனை முறை முடிகிறதோ, காயக் காலாலும் அத்தனை முறை. அதன்பின் ஒற்றைக் காலில் சிறு துள்ளல்கள். இவை மூன்றும் கைவந்த பின்பே ஓட்டம். அதுவும் சமதரையில், ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஒரு நிமிடம் ஓடி இரண்டு நிமிடம் நடந்து. மேடும் வேக ஓட்டமும் எல்லாவற்றுக்கும் கடைசி. கட்டைவிரல் காயத்துக்கு இன்னும் ஓர் அளவுகோல் உண்டு: கையால் மேலே வளைத்தால் 50 முதல் 60 பாகை வரை வலியின்றி வளைய வேண்டும். ஒவ்வொரு படியிலும் தீர்ப்புச் சொல்வது மறுநாள் காலை. எழுந்து வைக்கும் முதல் அடியில் வலி கூடியிருந்தால், ஒரு படி கீழே இறங்கிவிட வேண்டும்.

சில எச்சரிக்கைகள்

வலிமாத்திரை விழுங்கிவிட்டு ஓடுவது, எச்சரிக்கை மணியின் நாக்கைக் கட்டிவிட்டுத் தீ மூட்டுவது போன்றது. விரலடி மூட்டில் ஸ்டீராய்டு ஊசி போட்டால் வலி மறையும். ஆனால் திரும்பத் திரும்பப் போட்டால் அதே தட்டு வலுவிழந்து, விரல் இடம் பெயரவும் கூடும். உருவிவிட்டால் சரியாகிவிடும் என்று சொல்லும் அன்பர்கள் எல்லா ஊரிலும் உண்டு. புதிதாகக் கிழிந்த நாரை உருவினால் மேலும் கிழியுமே தவிரச் சேராது.

வெறுங்காலில் ஓடுவது நல்லது என்று கேள்விப்பட்டு, ஒரே நாளில் காலணியைத் துறக்கும் நண்பர்களும் உளர். அபெபே பிகிலா 1960-இல் ரோம் ஒலிம்பிக்கில் வெறுங்காலோடு மாரத்தான் வென்றது உண்மை. அவரே 1964-இல் டோக்கியோவில் காலணி அணிந்து ஓடி மீண்டும் வென்றார் என்பதும் உண்மை. வெறுங்காலிலும் மெல்லிய காலணியிலும் முன்பாதத்தின் சுமை கூடுகிறது. அதற்குப் பழகிய கால் தாங்கும். ஊரில் நாமும் வெறுங்காலோடு ஓடி ஆடியவர்கள்தாம். ஆனால் பத்தாண்டு காலணிக்குள் இருந்த கால் அதை மறந்துவிட்டது. மீண்டும் கற்பிக்க மாதங்கள் வேண்டும்.

நான்கு அடிகூட ஊன்றி நடக்க முடியாவிட்டால், உள்ளங்காலில் நீலம் பாரித்தால், விரல் இடம் மாறித் தோன்றினால், பாதம் மரத்துப்போனால், அன்றே மருத்துவரிடம் செல்க. நீரிழிவு உள்ளவர்கள் எந்தக் காயத்தையும் சிறிதென்று எண்ண வேண்டாம். எக்ஸ்ரேக்குப் பின் 'ஒன்றுமில்லை' என்று சொன்னால், "எலும்பில் ஒன்றுமில்லையா? நார் எப்படி இருக்கிறது?" என்று பணிவோடு கேட்டுவிட்டு வாருங்கள். அந்தக் கேள்விக்குச் செலவில்லை.

நான் இப்போது மீண்டும் ஓடுகிறேன். முன்னைவிடக் குறைவாக, முன்னைவிட நிதானமாக. இரண்டாம் விரல் இன்னும் சற்றுச் சாய்ந்தே இருக்கிறது. முதல் நாளே கவனித்திருந்தால் அது நேராகவே இருந்திருக்கும் என்றார் அக்கா.

அந்த முதலாண்டுத் தம்பியை அன்று படிக்கட்டிலேயே நிறுத்தி, ஒற்றைக் காலில் குதிகாலை உயர்த்தச் சொன்னேன். நல்ல காலில் இருபத்தைந்து முறை விளையாட்டாக முடித்தான். மற்றக் காலில் நான்காவது முறை கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டான். "வலிக்கவில்லை அண்ணா, எழும்பத்தான் மாட்டேன் என்கிறது" என்றான். அவனுக்கு முகம் வாடிவிட்டது. இந்த ஆண்டுத் தேர்வு ஓட்டம் அவனுக்கு இல்லை. ஆனால் அவனுக்கு இன்னும் மூன்று ஆண்டுகள் இருக்கின்றன. மறுநாள் அவனை அக்காவிடம் அழைத்துச் சென்றேன்.